சாகாத சம்பாவ் புல்

எங்கள் தோட்டத்தில் களை சாகாவிட்டால் நிரப்புவதற்கு ஒரு படிவம் உண்டு. 'காரணம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: மழை பெய்தது, பம்பின் முனை பழுது, மருந்தின் அளவு குறைவு, வேலையாளின் கவனக்குறைவு. புல் மாறிவிட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. உயிரியலில் பட்டம் வாங்கியவள் நான். முதல் நாளே அந்தக் குறையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன், கையெழுத்திட்டேன், அடுத்த படிவத்தை எடுத்தேன்.

பண்டார் தெங்காராவைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் அது. களையும் பூச்சியும் கணக்கெடுப்பது என் வேலை. மர வரிசைகளுக்கு நடுவே போகும் பாதை ஒன்றில் சம்பாவ் புல் மண்டியிருந்தது. தரையோடு தட்டையாகப் படிந்து, அடித்தண்டு வெளுத்து, மாடு கட்டி இழுத்தாலும் வராத வேரோடு நிற்கும் புல். அந்தப் பாதைக்கு மருந்தடித்தவர் ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருடமாக முதுகில் பம்பு சுமப்பவர்.

என் டிக் மேனேஜர் மேசைக்குப் போய்க் கடிதமாகத் திரும்பி வந்தது. காலைப் பெரட்டில், ஆளெண்ணி வேலை பிரிக்கும் வரிசையில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அக்கா மருந்தில் பாதியை மட்டும் ஊற்றிவிட்டு மீதியை வெளியே விற்றதாகச் சந்தேகம். மூன்று வாரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அங்கே நின்ற யாருக்கும் அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

"நான் தண்ணி கலந்தேனாம்லா," என்றார் அக்கா, பக்கத்தில் நின்ற பெண்களிடம். "பாலா விக்கிறேன், தண்ணி கலக்க?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"மிஸ், அந்தப் பேப்பர்ல டிக் போட்டது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"போடறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"சரி, என்னைக் கேக்க வேணாம். பாதையில போய்ப் பாருங்க. ஒரே பம்பு, ஒரே கை. மத்த புல்லெல்லாம் செத்துக் கெடக்கு, சம்பாவ் மட்டும் நிக்குது. அதுக்கு மட்டும் தனியா தண்ணி கலந்து அடிச்சேனா?"

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தொட்டாற்சுருங்கி கருகியிருந்தது. கோரை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. சம்பாவ் மட்டும் பச்சையாக, விரல் விரித்தது போல் பூங்கதிரும் விட்டிருந்தது. படிவத்தை நிரப்பிய அன்று நான் இந்தப் பாதைக்கு வந்திருந்தேன். சாகாததை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். செத்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். மீதி, வருடக்கணக்காக ஒரே மருந்தை வாங்கிக் குவித்தவர்கள் மேல். புல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று மண்டோர் சொல்வார். அது தவறு. எந்தச் செடியும் பழகவில்லை. ஆயிரமாயிரம் சம்பாவ் செடிகளில் ஏதோ ஒன்றிரண்டு, உடலுக்குள் மருந்து போய்ப் பிடித்துக்கொள்ளும் இடம் சற்றே மாறிப் பிறந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றது. கொன்று, வெயிலையும் தண்ணீரையும் இடத்தையும் அந்த ஒன்றிரண்டுக்குக் கொடுத்தது. அவை விதைத்தன. அடுத்த சுற்றும் அதே மருந்து. எது வாழ வேண்டும் என்று நாமே பொறுக்கி எடுத்திருக்கிறோம், சம்பளம் கொடுத்து, ஓவர்டைம் கொடுத்து. பிறகு ஒரு பெண்ணைப் பார்த்துத் திருடி என்றோம்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். காட்ட வேண்டும். மருந்தே படாத சம்பாவ் எனக்குத் தேவைப்பட்டது. சுற்றிலும் எங்கே தேடுவது? அப்போதுதான் கோத்தா திங்கியில் எங்கள் குடும்பக் கல்லறை நினைவுக்கு வந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன் அப்பா அங்கே போய்க் கையால்தான் புல் பிடுங்குவார். "செத்தவங்க தலைமாட்டுல விஷம் அடிக்கிறதா?" என்பார். இளம் தூர்களாகப் பத்து தோண்டி எடுத்தேன். தோட்டப் பாதையிலிருந்து அதே அளவில் பத்து. நாற்றுப் பைகளில் நட்டு, வேர் பிடிக்க நான்கு நாள் விட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன்.

"என்ன மிஸ், காலேஜ் புராஜெக்டா?" என்றார் மேனேஜர்.

அவர் முன்னாலேயே புது டின் உடைத்தோம். மண்டோர் அளந்து ஊற்றினார். அக்கா அடித்தார், இருபது பைக்கும் ஒரே நடையில்.

இரண்டு வாரத்தில் கல்லறைப் புல் பத்தும் செத்தது. தோட்டத்துப் புல்லில் ஒன்றுகூட வாடவில்லை. விசாரணைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மேனேஜரைக் கூட்டி வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சரி, வேற மருந்து ஆர்டர் பண்ணிடலாம்."

அவ்வளவுதான். புது மருந்தையும் இப்படியே அடித்தால் இதே கதைதான், மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், சில பாதைகளில் புல்லை வெட்டியே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அக்காவோட லெட்டர்?"

"விசாரணை கேன்சல். வேலைக்கு வரட்டும். அதான் முடிஞ்சுதே."

"பெரட்டுல வாசிச்சத பெரட்டுலதான் திரும்ப எடுக்கணும், சார்."

"அலமாக்! ஒரு புல்லுக்கு இவ்வளவு டிராமாவா? மண்டோர் வாசிக்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்."

"நான் வாசிக்கிறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு யாரும் தலையைக் கொடுக்காமல் முடிந்தால் அவருக்கும் நல்லதுதான்.

ஒரே ஒரு பக்கம் எழுதினேன். எந்தப் பாதை, எந்த மருந்து, பைகளில் நடந்தது என்ன, படிவத்தில் டிக் போட்டது யார். மறுநாள் பெரட்டில் முன்னால் போய் நின்றேன். மண்டோர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'அளவு குறைவு என்று எழுதியது என் தவறு' என்ற வரிக்கு வந்தபோது அக்கா கையை உயர்த்தினார்.

"சத்தமா வாசிங்க மிஸ். அன்னைக்கு மண்டோர் வாசிச்சது லயம் வரைக்கும் கேட்டுச்சு."

முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.