ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்

நெட்டையன் பஸ் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட மத்தியானம். நான்கு கூட்டாளிகளில் இரண்டு பேர் முன்பே வேலை தேடிப் போயிருந்தார்கள். மிஞ்சியது சோடாபுட்டி மட்டும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். அவன் மூக்கின்மேல் இருந்ததும் லேசுப்பட்ட கண்ணாடி இல்லை.

"நம்ம ஊரைப் பாத்துக்கடா," என்றான் நெட்டையன், ஜன்னல் வழியாக.

ஊர் என்றது, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் நால்வரும் சேர்ந்து கட்டிய துறைமுகத்தையும் கோட்டையையும். அது சோடாபுட்டியின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவன் அதை ஓடவிட்டு உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து உள்ளே வரலாம். அவன் எழுந்து போனால் எல்லோரும் தெருவில்.

ஞாயிறு சாயங்காலம் கம்ப்யூட்டரில் குரல்கள் வரும். "வீட்டுக்காரரே, கதவத் திறங்க."

"செருப்பக் கழட்டிட்டு வாங்கடா."

விருந்து, விசேஷம் எதற்கும் அவன் போவதில்லை. "கோழிகூட குஞ்சு பொரிச்சா எழுந்திரிக்கும்," என்பாள் அம்மா. "நீ எப்படா எழுந்திரிக்கப் போற?"

முதலாளி ஒருநாள் கூப்பிட்டார். "பக்கத்து ஊர்ல கிளை திறக்குறேன் தம்பி. நீயே பாத்துக்க. மாடியில ரூம் இருக்கு."

லென்ஸ் மெஷினை எந்த ஜன்னலோரம் போடலாம் என்றுவரை யோசித்துவிட்டான். ஆனால் அங்கே ஞாயிறும் கடை உண்டு.

"அம்மாவ விட்டுட்டு வர முடியாது சார்."

அம்மா காதுக்கு எட்டியது. "என் தலைய ஏன்டா உருட்டுற? நானா உன்னக் கட்டிப் போட்டேன்?"

"அவனுங்க பாவம்மா. நான் இல்லன்னா எங்க போவானுங்க?"

கிளைக்கு வேறொருவர் போனார். சோடாபுட்டி அதே பெஞ்சில், சுவரைப் பார்த்தபடி லென்ஸ் தேய்த்தான். வருஷங்கள் போயின. ஞாயிறுகளில் ஒருவன் மைக்கில் குழந்தை அழும். இன்னொருவனின் விளையாட்டு ஆள் துறைமுகத்தில் கம்பம்போல அசையாமல் நிற்பான். சோடாபுட்டிக்குமே கொட்டாவி வந்தது. விளையாட்டு எப்போதோ புளித்துவிட்டது. ஆனாலும் மூன்று பேரும் தவறாமல் வரும்போது வீட்டுக்காரன் எப்படிப் பூட்டுவது?

ஒரு புதன்கிழமை, கை நிறைய லென்ஸ் தேய்த்த தூள் ஒட்டியிருந்தபோது, நெட்டையனிடமிருந்து மெசேஜ் வந்தது.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. உன்னத் தனியா விட்டுட்டு வந்துட்டோமேன்னுதான் நாங்க மூணு பேரும் ஒரு ஞாயிறுகூட விடாம வந்தோம். இனிமே முடியலடா. நாங்க வரலன்னா நீ என்ன பண்ணுவியோன்னுதான் இத்தன நாளா சொல்லல."