தெற்குப் பாலத்துக்கு ஒரு கை

உப்பளத்தூருக்குள் வர இரண்டே பாலங்கள்தான். கேளம்பாக்கம் சாலை கால்வாயைத் தாண்டுகிற இடத்தில் தெற்குப் பாலம். பஸ், பள்ளிக்கூட வேன் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். மீனவர் குப்பத்துக்குப் போவது வடக்குப் பாலம். குப்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் உப்பளம். வண்டித் தடம் கிடையாது. பாலங்கள் இரண்டும் ஒரே காலத்தில் கட்டியவை, இரண்டுமே ஓய்ந்துபோனவை.

2006 தேர்தலில் பேரூராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதால், குப்பத்து அங்காளம்மாள் தலைவர் ஆனாள். நின்றது அவள், ஜெயித்தது அவள் புருஷன் ஜீவானந்தம் என்றுதான் ஊரில் பேச்சு. அவன் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வருஷம் திரும்புவதற்குள் நெஞ்சுவலியில் அவன் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை.

காரியம் முடிந்ததும் அவள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். செயல் அலுவலர் ஷ்யாம்சுந்தர் எழுந்து நின்றார்.

“நீங்க சிரமப்பட வேண்டாம்மா. கையெழுத்து வேணும்னா வீட்டுக்கே ஆள் அனுப்பறேன்.”

“வூட்ல ஒண்டியா குந்திகினு நான் இன்னா சார் பண்ணப்போறேன்?” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு திங்கட்கிழமை தோறும் தாம்பரத்தில் பஸ் மாறி, காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் பாலங்களுக்கு நிதி கேட்டு மனுவோடு போய்வந்தாள். வெள்ளிக்கிழமையானால் வழக்கம்போலப் பல்லாவரம் சந்தையில் கருவாடு விற்றாள். சந்தைக்குக் கூட வருகிறவள் பக்கத்து வீட்டுக் காமு. கூடையைத் தூக்கிவிடவும் புருஷனைத் திட்டவும் இருவருக்கும் வேறு துணை தேவைப்பட்டதில்லை. கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வடக்குப் பாலத்தின் மேல்தான் ஓடினார்கள். குப்பத்தில் உயிரோடு இருப்பவர்களெல்லாம் அந்தப் பாலத்தால் பிழைத்தவர்கள்.

கடைசியில் பதில் வந்தது. ஒரு பாலத்துக்குத்தான் நிதி. எந்தப் பாலம் என்று மன்றமே தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும்.

பொறியாளர் அவளைப் படகில் ஏற்றி இரண்டு பாலத்துக்கும் அடியில் கூட்டிப்போனார். வடக்குப் பாலத்தின் தளம் வெடித்திருந்தது, தூண்கள் நின்றன. தெற்கே, நீர் வற்றிய இடத்தில் தூண்கள் எலி கொறித்த மாதிரி மெலிந்திருந்தன. மேலே பஸ் ஒன்று போனது. அவள் மடியில் காரை உதிர்ந்து விழுந்தது.

“வடக்குல வண்டியை நிறுத்திட்டா கொஞ்ச வருஷம் தாங்கும்மா. இது எப்ப வேணாலும் உக்காந்துடும்,” என்றார் அவர்.

கூட்டத்துக்கு முந்தின மாலை காமு வந்தாள். “நம்ம பாலத்துக்குத்தான கை தூக்குவ?”

“பாக்கலாம்,” என்றாள் அங்காளம்மாள். காமு அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனாள். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மன்றத்தில் உறுப்பினர்கள் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். தலைவர் கைதான் மிச்சம். தெற்குப் பாலத்துக்கு அங்காளம்மாள் கையைத் தூக்கினாள். குப்பத்து உறுப்பினர் குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குப்பத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டதும் குடங்கள் விலகின. “தலைவரம்மா புடிச்சிக்கட்டும்,” என்றாள் ஒருத்தி. நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவள். வெள்ளிக்கிழமை அங்காளம்மாள் கூடையோடு வாசலில் நின்றாள். காமு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள்.

வடக்குப் பாலத்து வாயில் இரும்புக் கம்பங்கள் நட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் காமுவின் மருமகள் ஜோதிலட்சுமிக்கு இடுப்புவலி கண்டது. ஆட்டோ அக்கரையிலேயே நின்றது. கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். அங்காளம்மாள் நனைந்துகொண்டே ஓடிவந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். காமு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“நீ வுடு.”

கட்டில் பாலத்தைத் தாண்டி ஆட்டோவுக்குப் போனது. பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்ற செய்தியை அங்காளம்மாள் டீக்கடையில் யாரோ யாரிடமோ பேசியதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

புதிய தெற்குப் பாலத்தை 2009-ல் திறந்தார்கள். பந்தல், நாதஸ்வரம், கல்வெட்டில் பெரிய பெயர்களுக்குக் கீழே அவள் பெயர். குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மேடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே முதல் பஸ் அதிராமல் போனது. தான் செய்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் சுவர்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் மறுபடி காஞ்சிபுரம் போனாள்.

“இப்பதானேம்மா ஒண்ணு குடுத்தாங்க?” என்றார் கலெக்டர் ஆபீஸ் அலுவலர்.

“இன்னொண்ணு கீது சார்,” என்று வடக்குப் பாலத்து மனுவை நீட்டினாள்.

திரும்பும்போது தாம்பரத்தில் அவள் ஏறிய பஸ்ஸில் காமுவும் மருமகளும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்காளம்மாள் பின்னால் போய் உட்கார்ந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் கூட்டம் இறங்கி, நடுவில் எல்லா இருக்கையும் காலியானது. காமு திரும்பவில்லை, இவளும் நகர்ந்து உட்காரவில்லை.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறியபோதும் அப்படியேதான். வடக்குப் பாலத்து நிறுத்தத்தில் இறங்கியதும் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டாள். காமு பாதிப் பாலத்தில் இருந்தாள். அங்காளம்மாள் இடைவெளி விட்டு நடந்தாள்.

“பாத்து வா. இங்க ஓட்ட வுழுந்து கீது,” என்றாள் காமு, திரும்பாமலே.

“வரேன்,” என்றாள் அங்காளம்மாள்.

காமு வீட்டு வாசலில் பேத்தியை மருமகளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்காளம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துத் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள்.