முனியாண்டி அண்ணன் செய்த மோட்டார்

மேடு ஏறும்போதெல்லாம் கார்க் தீயும் வாசனை வரும். வைக்கோல் பொசுங்குவது மாதிரி, கொஞ்சம் இனிப்பாக...

அந்த வாசனை வந்ததும் பின்னால் உட்கார்ந்திருக்கும் முனியாண்டி அண்ணன் என் தோளைத் தட்டுவார். "கிளச்ச புடிச்சுக்கிட்டே ஓட்டாத தம்பி. வுட்டு ஓட்டு."

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஆபீஸ் நாற்காலி கிடைத்துவிட்டது. முனியாண்டி அண்ணன் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு.

வெள்ளைக்காரத் துரை காலத்து இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று ஸ்டோருக்குப் பின்னால் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. பழைய இரும்போடு கழிக்கப் போனார்கள். அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். எட்டு மாதம் அதனோடு கிடந்தார். அதன் கிளச்சுக்கு கார்க் வேண்டும், எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தோட்ட கிளப்பில் வீசிய பிராந்தி பாட்டில்களின் கார்க்கைப் பொறுக்கி, சீவி, ஒவ்வொன்றாக வைத்துப் பொருத்தினார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஆனால் லைசென்ஸ் எனக்குத்தான் இருந்தது. எழுத்துத் தேர்வுக்குப் பயந்து அவர் லைசென்ஸ் எடுக்கவே இல்லை. அதனால் வண்டியை என் பெயரில் பதிந்தார்.

தாய்லாந்தில், ஹட்யாயில், மோட்டார் பிரியர்கள் கூடும் ஒரு பெரிய ரேலி நடக்கப்போவதாக ஆபீசுக்கு வந்த இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்தேன். பழைய வண்டிகளுக்குத் தனிப் பரிசாம். சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

இருவருக்கும் அதுதான் முதல் பாஸ்போர்ட். சபாக், தெலுக் இந்தான், ஈப்போ, பட்டர்வொர்த்... அப்போது நெடுஞ்சாலை முழுதாக வரவில்லை. லோரிகளுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டே போனோம். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லையைத் தாண்டினோம்.

"வெளிநாடு வந்துட்டோம் லா தம்பி!" என்று காதருகே கத்தினார்.

ஹட்யாய் திடலில் இறங்கியதும் எனக்குள் ஏதோ சுருங்கியது. சுற்றிலும் தோல் ஜாக்கெட், பூட்ஸ், பளபளக்கும் பெரிய வண்டிகள். அண்ணன் ரப்பர் சிலிப்பரில், நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு நின்றார். சிங்கப்பூர்க்காரன் ஒருவன் அவரைக் காட்டி, "யுவர் வர்க்கர்?" என்று கேட்டான்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தேன்.

சாயங்காலம் எங்கள் மோட்டாருக்குத்தான் பரிசு. மேடையில் மைக் பிடித்திருந்த தாய்க்காரர் இங்கிலீஷில் கேட்டார், இதைச் சரிசெய்தது யார் என்று.

"ஐ டிட் இட். மைசெல்ஃப்."

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வாயிலிருந்து வந்துவிட்டது. கீழே, எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது முனியாண்டி அண்ணன்தான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

கீழே இறங்கியதும் நடந்தது இன்னும் கேவலம். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, கிளச் கார்க்கை எதில் ஊறவைத்தாய், எவ்வளவு நேரம் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அண்ணனிடம் திரும்பித் தமிழில் கேட்டேன். அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, ஆசை ஆசையாகக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" போட்டு இங்கிலீஷில் சொன்னேன். வெள்ளைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பினாங்கிலிருந்து வந்த மலாய் ரைடர் ஒருவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அண்ணனிடம் மலாயில் சொன்னார்: "உங்க கூட்டாளி கெட்டிக்காரர் அண்ணே. முழு வண்டியும் அவரே தனியா செஞ்சாராமே, மேடையில சொன்னாரு."

அண்ணனுக்கு மலாய் தண்ணி பட்ட பாடு.

என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. எதையோ சரியாகக் கேட்கவில்லையோ என்கிற மாதிரி பார்த்தார். பிறகு அந்த மலாய்க்காரரிடம் திரும்பி, "பெத்துல். டியா மெமாங் பண்டாய்" என்றார். உண்மைதான், அவன் கெட்டிக்காரன்தான்.

அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு செயினைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது இமிகிரேஷன் வரிசையில் பரிசுக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன். "அண்ணே, நீங்க வச்சுக்குங்க."

"நீங்களே வச்சுக்குங்க கிராணி."

அதுவரை நான் தம்பி. வாடா, போடா. அன்றிலிருந்து கிராணி. வாங்க, போங்க. மரியாதை ஒருவனை இப்படி அடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த மோட்டாரை அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. அடுத்த வருடம் கிளச் போனது. நானும் அதை விற்றுவிட்டேன்.

தோட்டத்தைத் துண்டாடி விற்ற பிறகு அவர் மகனோடு ரவாங் போய்விட்டார். பல வருடம் கழித்து தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அன்னிக்கு ஹட்யாய்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்டீங்களா கிராணி? ரசம் நல்லாருக்கு, உக்காருங்க" என்று சொல்லி, பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார். மேலே பேச விடவில்லை.

இப்போது நம் பிள்ளைகள் காலையில் கிளம்பி, சாயங்காலம் ஹட்யாயில் சாப்பிடுகிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா, வழி சொல்ல போன். என் பழைய படத்தைப் பார்த்து, "அங்கிள், நீங்களே செஞ்ச வண்டியா?" என்று கேட்கிறார்கள்.

இல்லை, முனியாண்டி அண்ணன் செய்தது என்கிறேன். யார் அது என்கிறார்கள்.

இப்போது சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது... கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லாத இடத்தில்.