ஏகாம்பரம் சொன்ன ‘தோஸ்து’

ஏகாம்பரம் போய்விட்டான் என்று சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவன் மகள் தொலைபேசியில் சொன்னாள். “காப்பி குடித்தானா?” என்று நான் என்னவோ உளறினேன். அவனோடு பழகிய நீங்கள் இதை மன்னிப்பீர்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசைக்காரர்கள். அவன் ராயபுரத்து மீனவக் குடும்பம். பி.எஸ்ஸி. முடித்தும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மேனேஜரிடமும் அதே பேச்சுதான். எனக்கு அப்போது அது கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் அசிட்டோநைட்ரைலில் டின் டெட்ராகுளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடுவை சுட்டது, அடியில் வெள்ளைப் படிகங்கள் இறங்கின. அசிட்டோநைட்ரைல் வெறும் கரைப்பான், எதனோடும் சேராது என்பது என் நினைப்பு. டின் டெட்ராகுளோரைடு தண்ணீர் பட்டாலும் வெள்ளையாக உறையும். ஆகவே ஸ்டோர்கீப்பர் மஸ்தான் பாய் அசிட்டோநைட்ரைல் புட்டியைச் சரியாக மூடாமல் கடற்காற்றின் ஈரத்தை உள்ளே விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, எழுதியும் கொடுத்துவிட்டேன். மேனேஜர் அவரைச் சாயங்காலத்தோடு நின்றுவிடச் சொல்லி உத்தரவு எழுதினார்.

“இன்னா நைனா, பாய் மேல பழி போடறதுக்கு மின்ன, ஒருதபா காய வச்சுப் பார்த்தியா?” என்றான் ஏகாம்பரம்.

அவன் அதே புட்டியை எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு போட்டு வடித்தெடுத்து, மேனேஜர் கண்ணெதிரே கலந்தான். முன்னைவிடப் பளிச்சென்று அதே படிகங்கள்!

“ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். டின்னுக்கு எலக்ட்ரான் பசி. நைட்ரைல்ல நைட்ரஜனாண்ட ஒரு ஜோடி சும்மா கீது. அத்த பங்கு குடுத்துச்சு, ரெண்டும் தோஸ்தாயிடுச்சு. எதுவும் எதையும் வுட்டுட்டு வரல, முழுசா சேந்துகினு கீது.”

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் இப்படிச் சேர்ந்த பொருளுக்கெல்லாம் தோஸ்து என்றே பெயர். “தோஸ்த வடிகட்டியாச்சா?” என்று கேட்டுக்கொண்டே வருவான்.

மேனேஜர் உத்தரவைக் கிழித்துப் போட்டார். நான் ஏகாம்பரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “என்னாண்ட எதுக்கு? பாய் ஸ்டோர்லதான் கீறாரு, போ” என்றான்.

போனேன். மஸ்தான் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத்த வுடு தம்பி. பாய் போனா நானும் போறேன்னு ஏகாம்பரம் மேனேஜராண்ட எழுதிக் குடுத்துட்டான், தெரியுமா? வடிச்சுப் பார்க்கறதுக்கு மின்னயே.”

எனக்குத் தெரியாது. அவன் சம்பளத்தை நம்பி அப்போது வீட்டில் ஆறு பேர்.

இன்றும் ஒருவரைப் பற்றிக் குறை எழுதும்போது, கையெழுத்துப் போடுமுன் எழுந்துபோய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன். அந்தப் பழக்கம் ஏகாம்பரம் கொடுத்தது. அவனிடம் இதை ஒருநாளும் நான் சொன்னதில்லை.