பதினோரு பேரின் முட்டை

ஐம்பது வயதில் மெர்ல், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குச் சமைக்க வந்தாள். முதல் வாரம் முடிந்ததும், சமையல்காரி இருக்கட்டுமா போகட்டுமா என்று கத்தரிப்பவர்கள் கைதூக்கி முடிவுசெய்வது நியூ சவுத் வேல்ஸ் வழக்கம். கைதூக்க வேண்டிய அந்தச் சனிக்கிழமை காலை, யாரையும் கேட்காமலே பதினோரு பேருக்கும் அவரவருக்குப் பிடித்த பக்குவத்தில் முட்டை வைத்தாள்: டெஸ்ஸுக்கு மஞ்சள்கருவை உடைத்துப் புரட்டியது, பெரியவர் கிளாரிக்கு ஆட்டுக்கொழுப்பில் ஓரம் முறுகி, நடுவில் கரு தளும்புவது.

"நீ ஒண்ணையாவது மாத்தி வைப்பேன்னு பந்தயம் கட்டியிருந்தேன், பாவி!" என்றார் கிளாரி.

மெர்ல் இருக்கட்டும் என்று பத்துக் கைகள் உயர்ந்தன. அவர் கை மட்டும் எழவில்லை.

"உங்களுக்கு என்ன குறை?" என்றாள் மெர்ல்.

"ஒரு கையில கரண்டி, ஒரு கையில ரொட்டி. எதைக் கீழ வைக்கச் சொல்றே?"

"எதையும் வைக்காதீங்க, ஆறிடும்," என்று நிமிர்ந்து நின்று, அவருக்கு இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள் மெர்ல்.