நீலத்தில் கொஞ்சம் தண்ணீர்

1. எல்லோருக்கும் நீலம்

ஆட்சேபணை கேட்கும் நாளன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த எல்லோருக்கும் நீலம் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகரத் திட்ட அலுவலகத்தில் உதவித் திட்ட அலுவலராக நான் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வரைவுத் திட்டம் போட்டு, வரைபடத்தை வராந்தாச் சுவரில் ஒட்டியிருந்தோம். மஞ்சள் என்றால் வீடு. ஊதா என்றால் தொழிற்சாலை. அடர் நீலம் என்றால் வணிகம். பச்சை என்றால் பூங்கா, அல்லது நிலத்துக்காரரின் கண்ணீர். வெளிர் நீலம் என்றால் ஏரி, ஓடை. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீருக்காக மனு எழுத ஆள் கிடையாது.

சாலை ஓரத்து நிலத்துக்காரருக்கு நீலம். அவருக்குப் பின்னால் இருப்பவருக்கும் நீலம். சாலையே கண்ணில் படாத இடத்தில் கேழ்வரகு போட்டிருந்த ஒருவர், "எனக்கும் ஒரு மூலையில கொஞ்சமா நீலம் வைங்க" என்றார், கல்யாணப் பந்தியில் பாயசம் கேட்கிற மாதிரி.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சாலைக்குச் சற்று உள்ளே வரிசையாக வீடு கட்டியிருந்தன. அவர்கள் சார்பில் டைல்ஸ் ஒட்டுகிற முருகேசன் பேசினார்.

"எங்க வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல நீலம் போட்டிருக்கீங்க மேடம். அப்படியே பிரஷ்ஷைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துவிட்டா எங்க லைன் முழுக்க நீலமாயிரும். ஆளுக்கொரு கடை வெச்சுப் பொழைச்சுக்குவோம்."

"இழுத்துவிட இது என்ன கோலமா?" என்றேன். காலையிலிருந்து எழுபது முறை சொன்ன பதிலை எழுபத்தோராவது முறை சொல்லத் தெம்பில்லை.

அந்தக் கூட்டத்தில் நீலம் வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒருவர். மாதம்மா. முருகேசனுக்கு அடுத்த வீடு. சித்தாளாக வேலைக்கு வந்து, தரைக்குச் சிவப்புப் பூச்சுப் போட்டு மெருகேற்றுவதில் பெயர் வாங்கியவர்.

"எங்கூட்டுக்கு முன்னால இருக்கற நீலத்தை எடுத்துப்போடுங்க அம்மிணி."

"அக்கா, கொஞ்சம் சும்னே இரு" என்றார் முருகேசன். "வீடு தேடி வர்றதை வாசல்லயே வெரட்டாதே."

"நீ சும்னே இரு. உன் வீடு மேட்டுல இருக்குது."

2. பள்ளம் வருமா?

அந்த நீலம் அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகள் மைசூரின் நடுவே இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்குள் நுழைந்தால், பிறகு மனிதர்கள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். லாரிகளை ஊருக்கு வெளியே நிறுத்த ஓர் இடம் தேவை. யோசனை சரிதான். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தாமோதரன்.

அவர் சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட். கெட்டிக்காரர், சங்கடமே அதுதான். கன்னடத்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"ரொம்ப சிம்பிள் சுமதி. நம்ம 'ப'வை எடுத்துட்டு 'ஹ' போடு. பால் ஹாலு. பூ ஹூவு. புலி ஹுலி. பத்து ஹத்து. முடிஞ்சுது கன்னடம்."

பழைய கிராம வரைபடத்தில், சாலையை ஒட்டி வளைந்து போகும் ஒரு பட்டையின் மேல் கன்னடத்தில் 'ஹள்ள' என்று எழுதியிருந்தது. தாமோதரன் தன் விதியைத் திருப்பிப் போட்டார். ஹள்ள என்றால் பள்ளம். பள்ளம் என்றால் தாழ்ந்த நிலம். தாழ்ந்த நிலத்தில் மண் கொட்டினால் மேடு. மேட்டில் லாரி நிற்கும். அறிக்கையில் அப்படியே எழுதினார்: நெடுஞ்சாலையை ஒட்டிய தாழ்நிலம், நிரப்பி லாரி நிறுத்தமாக்கத் தக்கது. நிறம், அடர் நீலம்.

"சார், ஹள்ளன்னா ஓடை" என்றேன்.

"சொல்லோட வேர் என்ன?"

"வேர் எதுவா இருந்தாலும் மழை பெய்தா அதுல தண்ணி ஓடும் சார்."

"நீ இங்கேயே பொறந்து வளர்ந்துட்டே. அதான் தமிழ் கொஞ்சம் குழம்புது."

என் அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் இரண்டையும் ஆங்கிலத்தில் கரைத்துக் குடிப்போம். குழப்பம் என்று அவர் சொன்னது எங்களுக்குச் சோறு போட்ட மொழி. விழுங்கிக்கொண்டேன்.

மாதம்மாவின் மனுவுக்காக நேரில் பார்க்கப் போனோம். போன நேரம் கோடை. சாமுண்டி மலைப் பக்கமிருந்து வரும் அந்த ஹள்ள முழுவதும் உண்ணிச்செடி. நடுவில் இரண்டு ஆடுகள், யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டைகளைப் போலப் படுத்திருந்தன. வெயில் அதன் மணலில் உட்கார்ந்து கண்ணைக் கூச வைத்தது. தாமோதரன் பளபளக்கும் ஷூவோடு நட்ட நடுவில் போய் நின்றார்.

"எங்கேம்மா ஓடை? நான் நிக்கிறேன் பாரு."

மாதம்மா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். வாசலில் மூன்று படி. "ஷூவைக் கழட்டிட்டு வாங்க" என்றார் தாமோதரனிடம். உள்ளே ஒரே அறை. தரை மட்டும் அரண்மனைக்கு உரியது. பிறர் வீட்டுத் தரைகளையெல்லாம் மண்டியிட்டு மெருகேற்றிய கைகள் கடைசியில் தமக்கென்று போட்டுக்கொண்ட சிவப்பு. குனிந்தால் முகம் தெரிந்தது.

"போன மழைக்கு ரெண்டாவது படி வரைக்கும் பள்ளம் வந்துச்சுங்க" என்றார். "முன்னால மண்ணைக் கொட்டி அடைச்சுப்போட்டா அது எங்கீங்க போகும்? மோரிக்குப் போக வழியில்லாம எங்கூட்டுக்குள்ளதான் வரோணும்." மோரி என்று அவர் சொன்னது சாலைக்கு அடியில் இருக்கும் சின்னப் பாலத்தை.

"பள்ளம் எப்படிம்மா வரும்? அது இருக்கிற இடத்துல இருக்கும். தண்ணிதான் வரும்."

"அதேதானுங்க. பள்ளம் வருது."

"தண்ணி."

"பள்ளமுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம்மா பேசுவது கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு நெருங்கிய தமிழ். அந்தத் தமிழில் பள்ளம் என்றால் ஓடை. தாமோதரன் பிடித்த வேர் தப்பே இல்லை. அந்தச் சொல் மாதம்மாவின் வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை போய்ச் சேர்வதற்குள் வற்றி வெறும் குழியாகியிருந்தது, அவ்வளவுதான். இதைத் தாமோதரனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஷூ லேஸைக் கட்டினார். ஜீப்பில் ஏறியதும் ஆட்சேபணைக் குறிப்பில் எழுதினார்: குடியிருப்பவரே அந்த இடம் பள்ளம்தான் என்று உறுதி செய்தார்.

மனு தள்ளுபடி. மாதம்மா சொன்ன ஒரே சாட்சியத்தைக் கொண்டே அவரைத் தோற்கடித்தாயிற்று. அன்று ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகலாமா என்று இருந்தது. வெயிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

3. தசரா முடியட்டும்

எங்கள் மேலதிகாரி பசவராஜு. நல்ல மனிதர். மைசூரிலேயே விஜயநகர் பகுதியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் அவர் தெரு முழுக்க மஞ்சள், ஆகவே மனத்தில் நிம்மதி. அவர் பேசியதெல்லாம் கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஹள்ள பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். "மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம்" என்றார். மழைக்காலம் வந்தது, ஜீப்பில் டயர் சரியில்லை. அடுத்த குறிப்புக்கு, "தசரா முடியட்டும்" என்றார். மைசூரில் வேலை செய்திருக்கிறவர்களுக்குத் தெரியும். தசராவுக்கு முன்னால் எதையும் தொடங்க முடியாது, தசராவுக்குப் பின்னால் எதுவும் ஞாபகம் இருக்காது. இதற்கு நடுவில் கமிட்டி கூடி, டீ குடித்து, திட்டம் மொத்தத்தையும் ஒப்புக்கொண்டு கலைந்தது. இறுதி வரைபடத்துக்கு நிறம் தீட்டி பெங்களூருக்கு அனுப்புவது ஒன்றுதான் பாக்கி.

நேராகப் போய்க் கேட்டேன்.

"சுமதியவரே, ஹள்ளன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் அதுல எருமை குளிப்பாட்டினவன்."

"அப்போ மாத்திடலாமா சார்?"

"எப்படி மாத்தறது? ரிப்போர்ட் அச்சுக்குப் போயாச்சு. கமிட்டி நீலம்னு ஒத்துக்கிட்டாச்சு. இனி நிறத்தை மாத்தினா மறுபடி நோட்டிபிகேஷன், மறுபடி வராந்தாவுல கூட்டம். அந்த முருகேசன் முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால ஆகாது. நீலம் நீலமாவே இருக்கட்டும்."

ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அது ஓடை என்று. அதிகாரிக்கும் தெரியும். ஆட்டுக்கும் தெரியும். தெரியாதது காகிதத்துக்கு மட்டும். நாங்களோ காகிதத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். கோபத்தில் கதவு வரை போனவள் அங்கேயே நின்றேன்.

"நீலமா இருக்கணும். அவ்வளவுதானே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அவ்வளவுதான்" என்றார்.

4. ஒரே பாட்டில்

அப்போது வரைபடங்களைக் கையால்தான் தீட்டுவோம். அம்மோனியா பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்தால் அந்த நெடி மூக்கைப் பிடித்து உலுக்கும். அடர் நீலத்துக்கும் வெளிர் நீலத்துக்கும் எங்களிடம் தனித்தனி மை கிடையாது. ஒரே பாட்டில். அப்படியே எடுத்தால் வணிகம். தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் ஏரி, ஓடை.

கிண்ணத்தில் மையை விட்டேன். தண்ணீரை ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கிராம வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த ஹள்ள எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் பிரஷ்ஷை வளைத்தேன். மலையடியிலிருந்து மாதம்மாவின் படிகளைத் தாண்டி, மோரிக்குள் நுழைந்து, சாலைக்கு அந்தப் பக்கத்து ஏரியில் போய் விழும் வரை ஒரே இழுப்பு. எத்தனை மாதத்து எரிச்சல் அந்தப் பிரஷ் நுனியில் இறங்கியது. காகிதம் ஈரத்தில் மெல்ல உப்பியது. வெயிலே இல்லாத அந்த அறையில் ஓர் ஓடை காயக் காத்திருந்தது.

பசவராஜு வரைபடத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். மூலையில் இருந்த நிற விளக்கத்தைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"இது நீலமா?"

"நீலம்தான் சார். அதே பாட்டில்."

"லாரி எங்கே நிக்கும்?"

"ரோட்டுல இன்னும் கொஞ்சம் தள்ளி ஊதா இருக்கு. தொழிற்சாலைப் பகுதியில லாரி நிறுத்த விதியிலேயே இடம் இருக்கு சார்."

ஹூம் என்றார். கையெழுத்துப் போட்டார். பெங்களூரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே அவர்களுக்கும் ஏதோ ஒரு பண்டிகை முடிய வேண்டியிருந்திருக்கும்.

5. மூன்றாவது படி

செய்தி தெரிந்ததும் முருகேசன் அலுவலகத்துக்கே வந்தார். எதிரே லாரி நின்றால் தன் வாசலில் டீக்கடை என்று கணக்குப் போட்டிருந்தவர்.

"நீலத்துல தண்ணி கலந்துட்டீங்களே மேடம். எங்க பால்காரன்கூட இவ்வளவு கலக்க மாட்டான்."

அவர் கேட்டது பிழைப்பு. தப்பான இடத்தில் கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, வானம் உடைத்துக்கொண்டு கொட்டிய பிறகு, பேருந்தில் போய் அங்கே இறங்கினேன். கோடையில் தாமோதரன் நின்ற இடத்தில் செம்மண் கலந்த தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. உண்ணிச்செடிகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மோரி அத்தனையையும் விழுங்கி அந்தப் பக்கம் துப்பியது. முருகேசன் தன் மேட்டிலிருந்து பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மாதம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இரண்டாவது படியை நக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது படி உலர்ந்திருந்தது.

"பள்ளம் வந்துருச்சு பாருங்க அம்மிணி" என்றார், விருந்தாளி வந்துவிட்டதைச் சொல்வது போல.

"முருகேசன் பேசறாரா?"

"அவன் பேசாட்டி எனக்கென்ன, வீடு அமைதியா இருக்குது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. தரை அழுக்காயிரும்."

இளைய திட்ட அலுவலர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். தாமோதரனின் அறிக்கை திருத்தப்படவே இல்லை. அதில் அந்த இடம் இன்றைக்கும் நிரப்பத் தக்க தாழ்நிலம். அதை யாரும் திறந்து படிக்கவில்லை. எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஒரு சொல்லுக்கு நிறம் கொடுப்பதற்கு முன்னால், அந்தச் சொல்லை அதன் கரையில் குடியிருப்பவர் வாயால் கேளுங்கள். கோடையில் கேட்காதீர்கள், மழையில் போய்க் கேளுங்கள். கேட்டு வந்து சொன்ன பிறகும் அலுவலகம் அசையவில்லையென்றால், மை பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.