என் லாகினில் புகுந்த கள்ளன்

சர்வருக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்று ஒருநாள் இருபது நிமிடம் மனதார நம்பினேன். கள்ளனுக்கு என் பெயர் இருந்ததைப் பார்த்தும் நம்பினேன்.

2006. முட்டம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் அட்மின் வேலை. கணவாய் ஏற்றிய கன்டெய்னர் லாரி வாசலில் நின்றது. நான்கு மணிக்குள் புறப்படாவிட்டால் தூத்துக்குடியில் கப்பலை விட்டுவிடும். சர்வரிலிருந்து பேக்கிங் லிஸ்ட் அச்சாகி வந்தால்தான் லாரி நகரும். அந்த ரிப்போர்ட் ஓட எப்போதும் பத்து நிமிடம் பிடிக்கும். மூன்றாவது நிமிடத்திலேயே மானேஜர் வந்துவிட்டார்.

“என்னவே, சிஸ்டம் கெடந்து ஒறங்குதா? கப்பலு போச்சுன்னா ஒம்மையும் கணவாயோட ஐஸ்ல வச்சிருவேன்.”

‘டாப்’ கமாண்டை அடித்தேன். சர்வரில் ஓடும் எந்த ஜாப் எவ்வளவு சிபியு தின்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். மூன்று விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். என் பதற்றத்துக்கு அது போதவில்லை, இடைவெளியைப் பூஜ்யமாக்கினேன். உடனே பில்லிங் யூசரில் ஓடிய பேக்கிங் லிஸ்டுக்குச் சரிசமமாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது: யூசர் செல்வன், ஐம்பது சதவீதம்.

செல்வன் நான்தான். நான்தான் ஒன்றும் செய்யவில்லையே! பாஸ்வேர்டை மாற்றினேன். கள்ளன் அசையவில்லை. அவனைக் கண்காணிக்க இன்னொரு விண்டோவில் அதே டாப், அதே பூஜ்யம். இரண்டு செல்வன். மூன்றாவது விண்டோ திறந்தேன். மூன்று செல்வனும் சேர்ந்து முக்கால்வாசி சிபியுவைத் தின்றார்கள். வெளியே டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“சார், கூட்டமா வந்திருக்கானுவ. ரீஸ்டார்ட் பண்ணிரட்டா?” என்றேன். பண்ணியிருந்தால் ரிப்போர்ட் முதலிலிருந்து ஓட வேண்டும். கப்பல் போயே போயிருக்கும்.

பில்லிங் பிரிவு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். வைரஸ் அண்டாமலிருக்க என் மானிட்டரின் வலது ஓரத்தில் மாதா படம் ஒட்டியவள் அவள்தான். ஜாப்பின் பெயர் வரும் கடைசி நெடுவரிசை அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

“பொறுங்க சார், மாதாவுக்குப் பொறத்தால என்னமோ எழுதிக் கெடக்கே” என்று படத்தைத் தூக்கினாள். மூன்று வரியிலும் டாப், டாப், டாப். “இது நீங்க அடிச்சதுதானே?”

மானேஜர் என்னையே பார்த்தார். “அப்பம் கள்ளன் யாருவே?”

இளம் அட்மின்களே, டாப் ஒவ்வொரு முறையும் எல்லா ஜாப்களின் கணக்கையும் வாங்கி, போன முறைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் பார்த்துச் சதவீதம் போடுகிறது. அந்த வேலைக்கும் சிபியு வேண்டும்; இடைவெளி பூஜ்யமென்றால் ஓயாமல் வேண்டும். ஒரு விண்டோ போதும், ஐந்து விநாடி இடைவெளி போதும்.

மூன்று விண்டோவையும் மூடினேன். இரண்டு நிமிடத்தில் பிரிண்டர் ஓடியது. நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லாரி புறப்பட்டது. நான் பார்க்கத் தொடங்கும்வரை அந்த சர்வரில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.